எல்லாம் கேஸ்தானா?
வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

மழை ஆரம்பித்ததிலிருந்து வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் ஜுரத்தைவிட வயிறுதான் அதிகமாக இருக்கிறது. "கேஸ் டிரபிள் டாக்டர்" என்றுதான் பாதிப்பேர் ஆரம்பிக்கிறீர்கள். மும்பை சயான் கோலிவாடா பக்கத்தில் முப்பது வருடமாக டிஸ்பென்சரி வைத்திருக்கிறேன். நெஞ்சு கரிக்கிறவரும் கேஸ் என்கிறார், மலச்சிக்கல் உள்ளவரும் கேஸ் என்கிறார், முதுகு பிடித்துக்கொண்டவரும் கேஸ் என்கிறார். அந்த ஒரே சொல்லோடு கெமிஸ்ட் கடையில் போய் நின்றால் எல்லோருக்கும் ஒரே மாத்திரைதான் கையில் வரும், அது சிலருக்குப் பொருந்தும், பலருக்குப் பொருந்தாது. அதனால் இந்த இதழ் முழுவதும் வயிற்றுக்கே. அவசரமான கடிதம் முதலில்.

*

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52 வயது. தாதரில் வேலை. ஒரு மாதமாக ஸ்டேஷன் பாலத்தில் படி ஏறும்போது நெஞ்சு நடுவில் கேஸ் வந்து அடைக்கிறதாம். இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடுகிறது. ஒரு சோடா குடித்து ஏப்பம் விட்டதும் இறங்கிவிட்டது என்கிறார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், பீடிப் பழக்கமும் உண்டு. வீட்டில் என்ன கஷாயம் வைத்துக் கொடுக்கலாம்?
– வாசகி, பாண்டூப்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே அதில் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்துவிட்டேன், மற்ற வீடுகளுக்கும் தெரியவேண்டும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். கஷாயம் வேண்டாம். வயிற்றில் இருக்கிற காற்றுக்கு நீங்கள் படி ஏறுகிறீர்களா, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்களா என்பது தெரியாது. ஏறினால் வந்து, நின்றால் போகிற அடைப்பு என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்க்கவேண்டும். நடக்கும்போது இதயத் தசைக்கு ரத்தம் கூடுதலாக வேண்டும், குழாய் குறுகியிருந்தால் அது போய்ச் சேராது, அப்போது நெஞ்சு நடுவில் இறுக்குகிறது, நின்றதும் தேவை குறைகிறது, வலியும் விடுகிறது. சோடாவால் விட்டது என்று அவர் நினைக்கிறார், உண்மையில் சோடா குடிக்க நின்றாரே, அந்த இரண்டு நிமிட ஓய்வால் விட்டது. சோடா உள்ளே போனால் ஏப்பம் வராமல் இருக்குமா, அது குடித்த கார்பன் டை ஆக்சைடே திரும்பி வருவது.

உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். இந்த மாதிரி வலியில் ஓய்வு நேர ஈ.சி.ஜி. நன்றாகவே இருக்கலாம். "படி ஏறினால் வருகிறது" என்ற வார்த்தையை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், மேற்கொண்டு எந்தப் பரிசோதனை என்பதை அவர் முடிவு செய்வார். சயான், கே.இ.எம்., நாயர் மூன்றுமே மாநகராட்சி ஆஸ்பத்திரிகள்தான், செலவை நினைத்துத் தள்ளிப்போடவேண்டாம்.

இன்னொன்றும் எல்லோருக்கும். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அடைத்து, வேர்த்துக்கொட்டி, வலி தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவினால், அல்லது காரணமில்லாமல் மூச்சு வாங்கி வாந்தி வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி பெரிதாக இல்லாமல் மேல்வயிற்றில் ஒரு சங்கடம் மாதிரி மட்டுமேகூட வரும். ராத்திரி இரண்டு மணிக்கு ஓம வாட்டர் குடித்துவிட்டு விடியட்டும் என்று படுத்தவர்களில் சிலரைக் காலையில் நான் பார்க்கவே முடியாமல் போயிருக்கிறது. பரிசோதித்து ஒன்றுமில்லை என்று வந்தால் நல்லது, வீட்டுக்குத் திரும்பி வாருங்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

*

கேள்வி: டோம்பிவிலியில் இருந்து அந்தேரிக்கு வேலைக்குப் போகிறேன், வயது 38. மூன்று வருடமாகத் தினமும் காலையில் கேஸ் மாத்திரை (பேன்டோபிரசோல்) போடுகிறேன், ஆனாலும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வயிறு பலூன் மாதிரி ஆகிவிடுகிறது. பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தவேண்டியிருக்கிறது. டிரெயினில் காற்றை அடக்கிக்கொண்டு நிற்பது நரகம். அதிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் ராத்திரி பத்துக்குத்தான் சாப்பாடு. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கையில் இருக்கிறது கேஸ் மாத்திரையே இல்லை. அது அமிலம் சுரப்பதைக் குறைக்கிற மாத்திரை. நெஞ்சு கரிப்பு, எதுக்களிப்பு, குடல்புண் இவற்றுக்கு அருமையான மருந்து. சாயங்கால வயிற்றுப் பொருமலுக்கு அது பெரும்பாலும் எதுவும் செய்யாது. அமிலம் இரைப்பையில், காற்று உண்டாவது பெரும்பாலும் பெருங்குடலில், இரண்டுக்கும் நடுவில் பல அடி நீளக் குடல் இருக்கிறது. வருடக்கணக்கில் தேவையில்லாமல் போட்டால் பி12, மெக்னீசியம் குறைய வாய்ப்புண்டு. சிலருக்குச் சிறுகுடலில் பாக்டீரியா கூடிப் பொருமலே அதிகமாகும். அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் அமிலம் சில வாரம் வேகமாகச் சுரந்து "பார்த்தாயா, மாத்திரை இல்லாமல் முடியாது" என்று நினைக்க வைத்துவிடும். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய் இன்னும் தேவையா என்று கேளுங்கள், படிப்படியாகக் குறைக்கலாம். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாத மருந்தோ சாப்பிடுகிறவர்கள் இதைத் தாங்களாகத் தொடவே கூடாது.

சரி, காற்று எங்கிருந்து வருகிறது? இரண்டு வழி. ஒன்று, வாய் வழியாக நாம் விழுங்குவது. அவசரமாகச் சாப்பிடுவது, ஃபோன் பேசிக்கொண்டே சாப்பிடுவது, சூயிங்கம், கூல் டிரிங்க்ஸ், புகை. இது பெரும்பாலும் ஏப்பமாக மேலே திரும்பிவிடும். இரண்டாவது, சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய மாவும் சர்க்கரையும் பெருங்குடலுக்குப் போய் அங்கே குடியிருக்கிற கோடானுகோடி பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகிறது, அவை அதைப் புளிக்க வைக்கின்றன, நம் வீட்டில் தோசை மாவு பொங்குகிற மாதிரியேதான். ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன். இவற்றில் எதற்கும் நாற்றம் கிடையாது, நாற்றம் மிகச் சிறிய அளவு கந்தக வாயுக்களால் வருவது. ஆரோக்கியமான மனிதருக்கு ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை காற்று உண்டாகி, 10 முதல் 20 தடவை பிரிவது இயல்பு. இதை எழுதக் கூச்சமாக இருக்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன், எத்தனையோ பேர் ஐந்து தடவை பிரிந்ததற்கே வியாதி என்று பயந்துபோய் வருகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டவை மூன்று. அடக்கி வைப்பது. ராத்திரி பத்து மணிக்கு முழுச் சாப்பாடு. அப்புறம் நீங்கள் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கும் மெனு, அதாவது ஸ்டேஷனில் வடா பாவ், மத்தியானம் கேன்டீனில் சோளே இல்லாவிட்டால் ராஜ்மா, நாலு மணிக்கு மிசள் பாவ், நடுவில் நாலு கட்டிங் சாய். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மும்பையில் வேலைக்குப் போகிறவன் இதைத்தான் சாப்பிடுவான். ஆனால் கொண்டைக்கடலை, ராஜ்மா, மிசளில் போடும் மட்கி (நரிப்பயறு) இவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன, அவற்றை உடைக்கிற என்சைம் மனிதக் குடலில் யாருக்குமே கிடையாது. பாவில் இருக்கிற கோதுமையிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் ஃப்ரக்டான் என்று ஒரு நார்ச்சர்க்கரை, அதற்கும் அதே கதை. மிசள் பாவ் ஒரு தட்டில் பயறு, வெங்காயம், பூண்டு, கோதுமை நாலும் சேர்ந்திருக்கிறது. காலையிலிருந்து ஒவ்வொன்றாக உள்ளே போய்ச் சாயங்காலம் மொத்தமாகப் பொங்குகிறது. அதனால்தான் காலையில் தட்டையாக இருக்கிற வயிறு நாலு மணிக்குத் தூக்குகிறது.

இரண்டு வாரத்துக்கு ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டிலிருந்து டப்பா. அரிசிச் சோறு, ரசம், பாசிப்பருப்புக் கூட்டு, புடலங்காய், பூசணி, கேரட், கொஞ்சம் தயிர். சோறுதான் வாயு என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது, அது தப்பு, மாவுப் பண்டங்களிலேயே கிட்டத்தட்ட முழுவதும் சிறுகுடலில் செரித்து மிகக் குறைவாகக் காற்று உண்டாக்குவது அரிசிதான். இட்லியும் நல்லது, மாவு புளிக்கும்போது உளுந்தில் இருக்கிற அந்தச் சர்க்கரைகளில் ஒரு பங்கைப் பாக்டீரியா பாத்திரத்திலேயே தின்றுவிடுகிறது. இரண்டு வாரத்தில் வயிறு இறங்கினால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள், மூன்று நாளைக்கு ஒரு பொருள், எது வந்ததும் வயிறு தூக்குகிறது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இந்த முறையை ஒழுங்குபடுத்தி உலகம் முழுவதும் பரப்பினார்கள், அதிலும் முக்கியமான பகுதி திரும்பச் சேர்ப்பதுதான். எல்லாவற்றையும் வாழ்நாள் முழுவதும் ஒதுக்கினால் சத்துக் குறையும், குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவும் பட்டினி கிடக்கும். கடலை வகை உங்களுக்கு ஆகவில்லை என்று தெரிந்தாலும் விடவேண்டாம், ராத்திரி முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்து, கால் கப்பில் ஆரம்பியுங்கள். ஊறிய தண்ணீரில் சத்து என்று அதிலேயே வேகவைக்கிறவர்கள் இருக்கிறார்கள், காற்றுக்குக் காரணமான சர்க்கரையும் அதில்தான் இறங்கியிருக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டைப் பத்துக்குப் பதிலாக ஏழரைக்கு முன்னால் கொண்டுவர உங்களால் முடியாது, அது எனக்குத் தெரியும். ஆறு மணிக்கு ஆபீஸிலேயே இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பாதியளவு சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் படுக்காமல் கட்டடத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள், காற்று கீழே நகர இதைவிட எளிய வைத்தியம் எனக்குத் தெரியாது. டிரெயினில் அடக்குவதைப் பற்றி, அடக்கினால் அது மூளைக்கு ஏறி எதுவும் செய்துவிடாது, பயப்படாதீர்கள், வலிக்கும் அவ்வளவுதான். இறங்கியதும் பிளாட்ஃபாரத்தில் ஓரமாக நடந்து விட்டுவிடுங்கள். சிமெத்திகோன் மாத்திரை சின்னச் சின்ன குமிழிகளை ஒன்றாகச் சேர்த்து வெளியேற உதவும், காற்று உண்டாவதைக் குறைக்காது, சிலருக்குச் சுகம் தரும், கெடுதல் இல்லை.

மலத்தில் ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, விழுங்கக் கஷ்டம், குடும்பத்தில் குடல் புற்றுநோய், இதில் ஒன்று இருந்தாலும் நோட்டும் சோதனையும் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

*

கேள்வி: தாராவியில் பத்துக்குப் பத்து வீடு, பொதுக் கழிப்பறைதான். காலையில் வரிசை, ராத்திரி போகப் பயம். அதனால் தண்ணீரே குறைவாகக் குடிப்பேன். மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் போகிறேன். வயிறு எப்போதும் கல் மாதிரி, கேஸ் பிரியவே மாட்டேன் என்கிறது. பெருங்காயம், ஓமம் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன்.
– வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இது உங்கள் வயிற்றின் குறை இல்லை. வீட்டுக்குள் கழிப்பறை இல்லாததன் விலையை இந்த ஊரில் பெண்கள் உடம்பால் கட்டுகிறார்கள், மலச்சிக்கல், மூத்திரத்தில் கிருமி, மூலம் என்று வரிசையாக வந்து நிற்பவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். வெளியேற வேண்டியது உள்ளே தங்கினால் பாக்டீரியாவுக்கு வேலை செய்ய நேரம் அதிகம், உண்டான காற்றுக்கு வழியும் அடைப்பு. பெருங்காயமும் ஓமமும் அடைத்த குழாயைத் திறக்காது. உங்களுக்குத் தேவை வாயு மருந்தில்லை, மலம் தினமும் இளகிப் போகவேண்டும்.

எது சாத்தியமோ அதைச் சொல்கிறேன். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக ஒரு உந்து உந்தும், காலையில் அது பலமாக இருக்கும். அதனால் வரிசையில் நிற்பதற்கு இருபது நிமிடம் முன்னால் வெந்நீரோ டீயோ குடித்து ஏதாவது ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வெறும் வயிற்றோடு நின்று, முறை வரும்போது உணர்ச்சி இல்லாமல் திரும்புவதுதான் பலருக்கும் நடக்கிறது. காலைக் கூட்டத்தில் முடியவே முடியாது என்றால் கூட்டம் குறைந்த பதினோரு மணியை உங்கள் நேரமாக வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் சாப்பிடுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் குடல் அந்த நேரத்தைப் பழகிக்கொள்ளும். தண்ணீரை நிறுத்தாதீர்கள், நேரம் மாற்றுங்கள்: பகலில் நிறைய, சாயங்காலம் ஆறுக்கு மேல் குறைவாக. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போகும் ஏற்பாடு உங்கள் சந்தில் இருந்தால் அதில் சேர்ந்துகொள்ளுங்கள், ராத்திரி பயம் கொஞ்சம் குறையும்.

இசப்கோல் ஒரு ஸ்பூனை ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடியுங்கள், ஒரு வாரம் கழித்து இரண்டு ஸ்பூன். தண்ணீர் குறைவாகக் குடித்து இசப்கோல் மட்டும் போட்டால் அடைப்பு இன்னும் இறுகும், இது முக்கியம். தவிடு, பச்சைக் காய்கறி என்று ஒரே நாளில் அள்ளிப் போட்டால் முதல் வாரம் காற்று அதிகமாகித்தான் தொந்தரவு செய்யும், நாரை மெதுவாகக் கூட்டுங்கள். பப்பாளி, கொய்யா, ஊறவைத்த உலர்ந்த திராட்சை, கீரை எல்லாம் தாராவி மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. இரண்டு வாரத்தில் இளகவில்லை என்றால் மலம் இளக்கும் மருந்துகள் பாதுகாப்பானவை இருக்கின்றன, டிஸ்பென்சரியில் கேளுங்கள், கெமிஸ்ட் கடையில் நீங்களாக வாங்கும் பேதி மாத்திரை வேண்டாம்.

*

கேள்வி: வாயுவுக்கு நல்லது என்று மாமியார் தினமும் ராத்திரி பூண்டுப் பால் கொடுக்கிறார். குடித்த இரண்டு மணி நேரத்தில் வயிறு கடமுடா என்று ஒரே சத்தம். பெரியவர்கள் சொல்வது பொய்யாகுமா?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: மாமியார் அன்பாகத்தான் கொடுக்கிறார், ஆனால் உங்கள் வயிற்றுக்கு அது இரட்டைத் தொல்லை. பாலில் லாக்டோஸ், பூண்டில் ஃப்ரக்டான். சின்னக் குழந்தைக்கு லாக்டோஸைச் செரிக்கும் என்சைம் நிறைய இருக்கும், வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும், வட இந்தியர்களைவிடத் தென்னிந்தியர்களுக்கு இது அதிகம். பத்து நாள் பாலை நிறுத்திப் பாருங்கள். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், உறையும்போது லாக்டோஸில் ஒரு பகுதியைத் தயிர்ப் பாக்டீரியாவே உடைத்துவிடுகிறது. பூண்டு வாசனை வேண்டுமானால் எண்ணெயில் பூண்டை முழுசாகப் போட்டுப் பொரித்து எடுத்துவிடுங்கள், ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது, வாசனை மட்டும் தங்கும். மாமியாரிடம் இஞ்சி தட்டிப் போட்டுப் பெருங்காய மோர் கேளுங்கள், அவருக்கும் மனசு நிறையும்.

பெருங்காயத்தைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. நம் சாம்பாருக்கும் ரசத்துக்கும் இவ்வளவு வேண்டிய பொருளை ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்துதான் வாங்கிக்கொண்டிருக்கிறோம், இந்தியாவில் அதைப் பயிரிடும் முயற்சி 2020-ல்தான் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் தொடங்கியது. கடையில் கிடைக்கும் கட்டிப் பெருங்காயத்தில் மைதாவும் கோந்தும் சேர்ந்திருப்பது வழக்கம், கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்.

*

கேள்வி: 61 வயது, சர்க்கரை நோயாளி. மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் மாத்திரையை மாற்றினார். அதிலிருந்து காற்று பிரிந்துகொண்டே இருக்கிறது, கோவிலில் பஜனையில் உட்கார முடியவில்லை.
– வாசகர், முலுண்ட்

பதில்: ஐயா, மாத்திரை மாறிய தேதியை நீங்களே குறித்து எழுதியதால் பாதி வேலை முடிந்துவிட்டது. சீட்டில் வோக்லிபோஸ் என்றோ அகார்போஸ் என்றோ இருக்கிறதா பாருங்கள், கூட்டு மாத்திரையில் மூன்றாவது பெயராகவும் ஒளிந்திருக்கும். சிறுகுடலில் மாவு சர்க்கரையாக உடைவதை அது தாமதப்படுத்துகிறது, அதனால் சாப்பிட்டதும் சர்க்கரை எகிறாது, உடையாத மாவு பெருங்குடலுக்குப் போகிறது, மீதியை மேலே டோம்பிவிலித் தம்பிக்கு எழுதியிருக்கிறேன். மெட்ஃபார்மினும் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்து மெல்ல ஏற்றலாம், மெட்ஃபார்மின் என்றால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாம், வேறு மருந்தும் உண்டு. வோக்லிபோஸ், அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வந்தால் சீனியும் மிட்டாயும் மெதுவாகத்தான் ஏறும், குளுக்கோஸ் பவுடர் கொடுக்கவேண்டும், ஒரு பொட்டலம் சட்டைப் பையில் இருக்கட்டும். சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம் வாயில் போடும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், அதிலுள்ள சார்பிட்டாலும் இதே வேலையைச் செய்யும்.

*

கேள்வி: ஆறு வாரக் குழந்தை. சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பத்து வரை காலை மடக்கிக்கொண்டு அழுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கிற அம்மா வசம்பு உரைத்துக் கொடுக்கச் சொல்கிறார், பக்கத்து ஃபிளாட்டில் ஒரு வயிற்றுவலிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். எதைக் கொடுக்கலாம்?
– இளம் தாய், நெருள்

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் அந்தச் சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து எழுத்தைப் படியுங்கள். டைசைக்ளோமின் என்று இருந்தால் குப்பையில் போடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அது மூச்சையே பாதிக்கலாம், கொடுக்கவே கூடாத மருந்து அது, அப்படியிருந்தும் வீட்டுக்கு வீடு கைமாறிக்கொண்டிருக்கிறது. வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்று நாம் கொண்டாடினாலும் அதில் உள்ள அசரோன் என்ற பொருள் நச்சுத்தன்மை கொண்டது, உரைக்கிற கல்லும் விரலும் தண்ணீரும் கிருமி கொண்டுவரும். கையில் வசம்பு வளையல் கட்டுவதோடு அம்மாவின் ஆசை நிறைவேறட்டும், அதையும் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓம வாட்டர், கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் முதல் ஆறு மாதம் வேண்டாம், தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதைத்தான்.

இந்த அழுகை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆரம்பித்து, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானாக ஓய்ந்துவிடும். நீங்கள் இப்போது உச்சத்தில் நிற்கிறீர்கள். காற்றுதான் காரணம் என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது, அழுது அழுது காற்றை விழுங்குவதால் வயிறு உப்புவதும் உண்டு. பால் கொடுத்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டு ஏப்பம் வரும்வரை தட்டுங்கள், மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு காலையும் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி மெதுவாக அசையுங்கள், விளக்கைக் குறைத்து நெஞ்சோடு அணைத்து நடங்கள். உங்களுக்குக் கை ஓய்ந்து ஆத்திரம் வந்தால் குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் பால்கனியில் நில்லுங்கள், அதில் தப்பில்லை, குலுக்க மட்டும் கூடாது. ஜுரம், பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது இருந்தால் அன்றே குழந்தை டாக்டரிடம் போங்கள்.

*

கேள்வி: வயது 56. மூன்று மாதமாக வயிறு உப்பிக்கொண்டே போகிறது, இரண்டு வாய் சாப்பிட்டால் நிரம்பிவிடுகிறது. இதுவரை எனக்குக் கேஸ் தொல்லையே இருந்ததில்லை. வயதானால் அப்படித்தானா?
– வாசகி, செம்பூர்

பதில்: இல்லை அம்மா. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாகத் தொடங்கி, வாரக்கணக்கில் இறங்காமல் இருக்கிற வயிற்று உப்புசத்தை நான் கேஸ் என்று ஏற்றுக்கொள்வதில்லை. அடிக்கடி மூத்திரம், அடிவயிற்றில் கனம் இவையும் இருக்கிறதா என்று கவனியுங்கள். காற்றாக இருந்தால் காலையில் இறங்கிச் சாயங்காலம் ஏறும், உங்களுக்கு அப்படி ஏறி இறங்கவில்லை. இந்த வாரமே மகளிர் நோய் மருத்துவரைப் பார்த்து வயிற்றுக்கும் கர்ப்பப்பை, சினைப்பைக்கும் சோனோகிராஃபி எடுத்துவிடுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, பல நேரம் சாதாரணக் காரணமாகவே முடியும், ஆனால் சினைப்பைப் புற்றுநோய் இப்படித்தான் சத்தமில்லாமல் ஆரம்பிக்கும் என்பதால் தள்ளிப்போட எனக்கு மனசு வரவில்லை. ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள்.

*

கேள்வி: வாயு தோள்பட்டையில் போய்ப் பிடித்துக்கொண்டது. எப்படி இறக்குவது?
– வாசகர், கல்யாண்

பதில்: குடலில் இருக்கிற காற்று குடலை விட்டுத் தோளுக்குப் போக வழியே இல்லை. கூட்ட டிரெயினில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நிற்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தசைதான் வலிக்கிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கையை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். நடக்கும்போது கூடுகிற தோள்வலி என்றால் இந்தப் பக்கத்தின் முதல் பதிலைத் திரும்பப் படியுங்கள்.

*

கேள்வி: நாள் முழுக்க ஏப்பம், ஐந்து நிமிடத்தில் இருபது வரும். தூங்கும்போது மட்டும் இல்லை. வேலைக்கான இன்டர்வியூவில் மானம் போகிறது. எண்டோஸ்கோப்பி நார்மல். வயது 23.
– வாசகர், ஆன்டாப் ஹில்

பதில்: தூங்கும்போது இல்லை என்ற ஒரு வரியே போதும். இது வயிற்றில் உண்டாகிற காற்று இல்லை, வெளிக்காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, இரைப்பைக்குப் போவதற்கு முன்னாலேயே திருப்பி விடுகிற ஒரு பழக்கம். உங்களுக்கே தெரியாமல் நடக்கிறது, நீங்கள் வேண்டுமென்று செய்வதில்லை. ஒரு ஏப்பம் விட்டால் சுகமாக இருக்கும் என்று தோன்றும், அதற்காகக் காற்றை இழுப்பீர்கள், அதனால் இன்னொன்று வரும். பதற்றத்தில் அதிகமாகும். ஏப்பம் வரப்போகிறது என்று தோன்றியதும் ஒரு பேனாவைப் பல்லுக்கு நடுவில் குறுக்கே வைத்துக்கொள்ளுங்கள், வாய் சற்றுத் திறந்திருந்தால் காற்றை விழுங்குவது கடினம். அப்படியே ஒரு கையை வயிற்றில் வைத்து, நெஞ்சு அசையாமல் வயிறு மட்டும் எழும்பும்படி மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்து நிமிடம். சோடாவும் ஈனோவும் நிறுத்துங்கள், அவை ஏப்பத்தை இன்னும் கூட்டும். இன்டர்வியூ எப்போது என்று எழுதவில்லை, பதினைந்து நாளாவது முன்கூட்டி ஆரம்பித்தால் நல்லது. கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே தொடங்கிவிடுங்கள்.